மூன்று பவுண்டு பட்டு

"பெண்கள் சில்லறை" என்று எழுதிய அட்டைப்பெட்டியில்
ஒற்றைக் கையுறைகளுக்கு அடியில் கிடந்தது.
கிரிம்ஸ்பி, சனிக்கிழமைச் சந்தை.
எங்கள் ஊரில் மீன்வாடை
ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுப்பதில்லை.

எடுத்துப் பார்த்தேன். பெண்களுடையது அல்ல.
நடுவில், பிடரி படும் இடத்தில்,
விசிறி மடிப்பாய் ஒடுக்கித் தைத்திருந்தார்கள்.
இரண்டு முனைகளும் துடுப்பைப்போல் அகன்று கூர்ந்தன.
தலையில் கட்ட, தோளில் போட
எவரும் இப்படி மெனக்கெடுவதில்லை.
ஆணின் கழுத்துக்கென்றே அளந்தது இது.

விளிம்பைப் புரட்டினேன்.
இயந்திரம் ஓடியிருந்தால் தண்டவாளம் தெரியும்.
இதில் தையல் ஒன்று நெருங்கி, ஒன்று விலகி,
அவசரத்தில் ஓரிடம், அரட்டையில் ஓரிடம்;
சுருட்டிய ஓரம் விரலுக்குள் உருண்டது.
எப்படித் துவைப்பது என்று சொல்லும் சீட்டு இல்லை.
கடைப்பெயர்ச் சீட்டில் "மற்றும் மகன்கள்" மட்டும் மிச்சம்.
அப்பன் தேய்ந்துபோனான்,
மகன்கள் இருக்கிறார்கள்.

"மூணு பவுண்டு," என்றார் மிசஸ் ஹெபிள்வைட்,
மீன் கெடுவதற்குள் விற்றுவிடும் முகத்தோடு.

வீட்டில், பாத்திரத் தொட்டிக்கு மேல்,
ஓர் இழையை உருவித் தீக்குச்சி காட்டினேன்.
செயற்கை நூலென்றால் உருகிக் கறுத்த மணியாகும்.
இது மயிர் பொசுங்கும் நாற்றமடித்து
விரலிடையில் சாம்பலாய் நொறுங்கியது.
ஒரு நாற்றத்துக்காக இத்தனை மகிழ்ந்தவன்
எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

பிறகு விளக்கில் பிடித்தேன்.
தொண்டைக்குழி வரும் இடத்தில் ஊசித்துளைகள்.
எண்ணினேன்: எட்டு.
யாரோ ஒருவன் முத்து வைத்த ஊசி குத்தியிருக்கிறான்.
எட்டுக் கல்யாணங்களா,
எட்டுச் சாவுகளா,
ஒரே காலையில் எட்டுமுறை கை நடுங்கியதா?
பட்டு சொல்லவில்லை.

அணிவது எளிது. சட்டைக்குள், தோலோடு.
ஒரு முனை சற்று நீளம் இருக்கட்டும்.
நீளத்தைக் குட்டையின்மேல் போடு,
அடியில் நுழை, மேலே இழு, முன்னே கவிழ்,
மேல்பொத்தானைத் திறந்துவிட்டு உள்ளே செருகு.
கடைசியில் ஒரு விரலால் கொஞ்சம் கலை.
கண்ணாடி முன் நின்றது தெரிந்துவிட்டால்
கட்டியதே வீண்.

அன்றிரவு அதோடு மதுக்கடைக்குப் போனேன்.
"பிரபு வருகிறார், எழுந்து நில்லுங்கடா!"
அம்பெறியும் பலகைப் பக்கமிருந்து நோரிஸ் கத்தினான்.
எல்லாரும் சிரித்தார்கள், நானுந்தான்.
வடகடல் காற்று கதவை முட்டிக்கொண்டிருந்தது.
என் கழுத்து மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

பத்து மணிக்குக் கழிப்பறையில்
பக்கத்தில் வந்து நின்று
சுவரைப் பார்த்தபடியே நோரிஸ் கேட்டான்:
"அதை எப்படிக் கட்டுறது?"

இருபது வயதில் தொண்டையில் பச்சை குத்திக்கொண்ட பெயர், மொரீன்.
மொரீன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது,
ஸ்கந்தார்ப்பில் ஒரு கூரைவேலைக்காரனோடு.
வரும் வியாழன் நோரிஸுக்குக் கல்யாணம்.
பெண்ணின் பெயர் பிலிப்பா.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னுடையதை அவிழ்த்தேன்.
அவனுக்குக் கட்டிவிட்டேன்.
முதலெழுத்து முதலில் மறைந்தது.
கடைசி எழுத்து மட்டும் காதுப்பக்கம் எட்டிப் பார்த்தது.
மடிப்பை ஒரு விரற்கடை உயர்த்தினேன்.
"மூச்சு விடலாமா?" என்றான்.
"அளவா விடு."

வியாழன்.
பதிவாளர் மேசையில் கையெழுத்திடக் குனிந்தபோது
பட்டு வழுக்கியது.
அதன் குணம் அது; கம்பளிபோல் பற்றிக்கொள்ளாது.
மொரீன் முழுசாக வெளியே வந்தாள்.

யாரும் இருமக்கூட இல்லை.
பிலிப்பா பேனாவைக் கீழே வைத்தாள்.
தொப்பியிலிருந்து ஊசியை உருவினாள்.
(நோரிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.)
துணியை மட்டும் நிதானமாகக் கிள்ளியெடுத்து
மேலே இழுத்து
குத்தினாள்.

ஒன்பதாவது துளை.

பட்டு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.
மூன்று பவுண்டும் வரவில்லை.